கால் மணி நேரத் தீவுகள்

நவம்பர் பிறந்துவிட்டால் ஜாதவ்பூர் 8பி பேருந்து நிலையத்தைச் சுற்றிச் சுவருக்குச் சுவர் புலிதான். மின்கம்பத்தில் புலி, ஜெராக்ஸ் கடைக் கண்ணாடியில் புலி, ஆட்டோவின் முதுகில் புலி. கீழே ஒரு கைபேசி எண்; ‘பஸ், லாஞ்ச், ஓட்டல், சாப்பாடு எல்லாம் சேர்த்து’ என்று ஒரு தொகை. தெற்குக் கொல்கத்தாக்காரர்களுக்குச் சுந்தரவனம் வாரக்கடைசி விஷயம். ஊரிலிருந்து வரும் நம் சொந்தக்காரர்களுக்கோ, காளிகாட்டும் ஹௌரா பாலமும் பார்த்து முடித்ததும் வாயில் வரும் அடுத்த பெயர். சிதம்பரத்திலிருந்து சித்தப்பாவும் சித்தியும் வந்திருந்தபோது அந்த எண்களில் ஒன்றைக் கூப்பிட்டு இடம் பிடித்தோம்.

சப்பென்று போன பயணம் அது. படகு பழுதாகவில்லை, யாருக்கும் உடம்புக்கு வரவில்லை, சாப்பாடு நன்றாகவே இருந்தது. ஏமாற்றம் முழுக்கக் கரையில்தான். லாஞ்ச் ஒவ்வொரு தீவிலும் ஒதுங்கும், இறங்குவோம், கம்பித் தடுப்புக்குள் ஒரு பாதை, ஒரு காட்சிக் கோபுரம், ஒரு கூட்டம், விசில் ஊதுவார்கள், ஏறுவோம். அதற்குப் பிறகு நாங்களாகவே அந்தப் பக்கம் போய் வரப் பழகிக்கொண்டோம். முதல் பயணம் ஏன் அப்படிப் போயிற்று என்பது அப்போதுதான் விளங்கியது. சுந்தரவனத்துக்குக் கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கப்பலில் போய்த் தீவில் இறங்கும் எந்தச் சுற்றுலாவுக்கும் இதில் பாதி பொருந்தும்.

முதலில் கோசாபாவைச் சொல்கிறேன். எங்களுக்கு அதிக நஷ்டம் அங்கேதான்.

கோட்காலி படகுத்துறைக்கு எதிர்க்கரை கோசாபா. பஸ் கரியா, ரூபி, சயன்ஸ் சிட்டி என்று ஊரெல்லாம் ஆள் ஏற்றிக்கொண்டு வந்ததில் நாங்கள் லாஞ்ச் ஏறும்போதே மதியம் ஆகிவிட்டது. கோசாபாவில் இறங்கியதும் வழிகாட்டிப் பையன், “ஹாமில்டன் சாஹிப் பங்களா, போட்டோ எடுத்துக்கோங்க, பதினஞ்சு நிமிஷம்” என்றான். கட்டைத் தூண்கள் மேல் நிற்கும் மரவீடு. எல்லோரும் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். சித்தப்பா மட்டும் பெயர்ப்பலகையை விட்டு நகரவில்லை. அவர் கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

டேனியல் ஹாமில்டன் ஸ்காட்லாந்துக்காரர். கல்கத்தாவில் பெரிய கப்பல் வியாபாரக் கம்பெனியின் தலைவர். 1903-ல் கோசாபா, ராங்காபேலியா, சாத்ஜேலியா தீவுகளை ஆங்கிலேய அரசிடமிருந்து குத்தகைக்கு எடுத்தார். காட்டை வெட்டி, கரை கட்டி, ஆட்களைக் குடியமர்த்தினார். லேவாதேவிக்காரன் தீவுக்குள் கால் வைக்கக் கூடாது என்பது அவருடைய பிடிவாதம். அதற்காகக் கூட்டுறவுக் கடன் சங்கம், கூட்டுறவுக் கடை, கூட்டுறவு நெல் ஆலை. 1936-ல் கோசாபாவுக்கென்றே ஒரு ரூபாய் நோட்டு அச்சடித்தார். 1932 டிசம்பர் கடைசியில் தாகூர் இந்த ஊருக்கு வந்து தங்கினார்; அவர் தங்கிய பேக்கன் பங்களாவும் பக்கத்திலேயே இருக்கிறது. இந்தியக் கூட்டுறவு இயக்கத்தின் மிக வினோதமான சோதனைகளில் ஒன்று நடந்த இடத்தில், வாழ்நாள் முழுக்கக் கூட்டுறவுக் கடன் பேரேடு பார்த்த மனிதர் நிற்கிறார். “வட்டி என்ன போட்டாங்களாம்? வசூல் எப்படி?” என்று பையனைக் கேட்கச் சொன்னார். நான் வங்காளத்தில் கேட்டேன். பையன் விசிலை வாயில் வைத்துக்கொண்டான்.

எங்கள் ஏமாற்றத்தின் கணக்கு அங்கேயே தெளிவாகிவிடுகிறது. புலி தென்படாததற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. 2022 கணக்கெடுப்பில் இந்தியப் பக்கச் சுந்தரவனத்தில் இருந்த புலிகள் ஏறக்குறைய நூறு. அப்போது புலிகள் காப்பகத்தின் பரப்பு 2,585 சதுர கிலோமீட்டர். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர். ஆனால் ஹாமில்டன் பங்களா ஓடிப்போகாது. அங்கே ஒரு மணி நேரம் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை, ஏனென்றால் நோட்டீஸில் இடங்களின் எண்ணிக்கைதான் விலைபோகிறது.

ஆகவே எந்தச் சுற்றுலாவிலும் இடப் பட்டியலைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒவ்வொரு பெயருக்கும் நேராக இரண்டு கேள்வி கேளுங்கள்: இங்கே இறங்குவோமா, படகிலிருந்தே பார்ப்போமா? இறங்கினால் எத்தனை நேரம்? எங்கள் நோட்டீஸில் இருந்த பஞ்சமுகானி ஐந்து நதிகள் கூடும் இடம். அழகுதான், ஆனால் அங்கே இறங்கக் கரையே கிடையாது. லாஞ்ச் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பும். ‘கவர் பண்ணுவோம்’ என்று சொன்னால் இறங்கப்போவதில்லை என்றே எடுத்துக்கொள்ளலாம். நேதிதோபானி என்றும் ஒரு பெயர் போட்டிருந்தார்கள். பழங்கோயில் ஒன்றின் இடிபாடும், பேஹுலா என்ற வங்காளப் பழங்கதையும் சேர்ந்த இடம். அங்கே போகத் தனி அனுமதி வேண்டும், ஒரு நாளில் விடும் படகுகளும் குறைவு. அந்த அனுமதியை எங்கள் ஆள் வாங்கவே இல்லை என்பது லாஞ்ச் திரும்பிய பிறகுதான் தெரிந்தது. பட்டியலில் அப்படி ஓர் இடம் இருந்தால், ‘எங்கள் தேதிக்கு அனுமதி கையில் இருக்கிறதா’ என்று பணம் கட்டும் முன் கேட்டுவிட வேண்டும்.

இது சுவரொட்டிக் கம்பெனிகளுக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை. 2022 ஜூனில் சென்னையிலிருந்து கிளம்பிய சொகுசுக் கப்பல் புதுச்சேரிக் கடல் வரை வந்தும், அரசு அனுமதி கிடைக்காமல் பயணிகள் கரையைப் பார்த்துக்கொண்டே திரும்பியது பத்திரிகைகளில் வந்தது. கப்பல் நிற்பது வேறு, நாம் இறங்குவது வேறு. பெரிய கப்பல்களில் இன்னொரு விவரம் உண்டு: கப்பல் கம்பெனி விற்கும் கரைச் சுற்றுலாவில் போய்த் தாமதமானால் கப்பல் உங்களுக்காகக் காத்திருக்கும்; வெளியாளிடம் பேரம் பேசிப் போனால் காத்திருக்காது. விலை வித்தியாசத்தில் பாதி அந்தக் காத்திருப்புக்குத்தான். சென்னையிலிருந்து இலங்கைக்குக் கப்பலேறி அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இறங்க நினைப்பவர்கள் இதைக் கணக்கில் கொள்ளலாம். சுந்தரவன லாஞ்சில் அந்தக் கவலை இல்லை. லாஞ்சைத் தவறவிட வழியே இல்லாதபடி கம்பி வேலி போட்டிருக்கிறார்கள்.

மறுநாள் காடு. சஜ்னேகாலி, சுதன்யகாலி, தோபாங்கி. சஜ்னேகாலியில் அனுமதிச் சீட்டு வாங்கி, வனத்துறை வழிகாட்டியை ஏற்றிக்கொண்டுதான் உள்ளே போக முடியும். லாஞ்சுகள் வரிசை கட்டி நின்றன. ஒன்றின் மேல் ஏறி இன்னொன்று வழியாகக் கரைக்குப் போனோம். இங்கே ஓர் அருங்காட்சியகம், ஆமைக் குளம், முதலை, போன்பீபி கோயில். போன்பீபி காட்டின் அம்மை. மீன், நண்டு, தேன் எடுக்கப் போகிற இந்துவும் முஸ்லிமும் ஒருசேரக் கும்பிடுகிற தெய்வம். குளத்தில் வளர்ப்பது பாட்டாகூர் என்ற ஆற்றாமை, உலகத்திலேயே அழிவின் விளிம்பில் நிற்கும் ஆமை வகைகளில் ஒன்று. நின்று பார்க்க வேண்டிய பிராணி. குளத்தைச் சுற்றி நாலு வரிசை தலைகள்.

தோபாங்கியில் தரைக்கு மேலே கம்பி வலையடித்த நடைபாதை. எல்லாக் குழுவிலும் யாராவது ஒருவர் “கூண்டுக்குள்ள நாமதான்” என்று சொல்லிச் சிரிப்பார். எங்கள் குழுவில் சித்தப்பா. வழிநெடுக ஆற்றின் இரு கரையிலும் பச்சைச் சுவர் மாதிரி மரங்கள், மரத்தடி வரை தண்ணீர். காலையிலிருந்து மத்தியானம் வரை அதே காட்சி. ஒரு மான் கூட இல்லை.

வீட்டுக்கு வந்த மறுநாள், எங்கள் வீட்டில் வேலை செய்யும் மாஷியிடம் புலம்பினேன். அவர் சுந்தரவனத்துப் பாசந்திப் பக்கத்துக்காரர். விடியற்காலை கேனிங் லோக்கலில் ஏறி ஜாதவ்பூரில் இறங்கி, நாலு வீடு முடித்து மத்தியானம் திரும்புகிறவர். தாக்குரியா, பாலிகஞ்ச், ஜாதவ்பூர் வீடுகளின் அடுப்படிகள் அந்த ரயிலை நம்பித்தான் இருக்கின்றன. பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே கேட்டார்: “ஜோயார்ல போனீங்களா, பாட்டாவிலயா, அண்ணி?” எனக்குத் தெரியவில்லை. மரத்தடி வரை தண்ணீர் நின்றது என்றேன். “அப்போ என்ன தெரியும்? எல்லாம் உள்ளே தள்ளிப் போயிருக்கும். தண்ணி இறங்கினாத்தான் சேத்துக்கு வரும்” என்றார்.

ஜோயார் ஏற்றம், பாட்டா வற்றம். இது தமிழ்நாட்டுக்காரர்களுக்கு மனத்தில் வராத கணக்கு. நம் கடற்கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் ஒரு மீட்டர் இருந்தால் பெரிது. பிச்சாவரத்தில் படகு எடுக்கும்போது நாம் நேரம் பார்ப்பதில்லை, வெயில் மட்டும்தான் பார்க்கிறோம். சுந்தரவனத்தில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் தண்ணீர் ஒரு மாடி உயரத்துக்கு மேல் ஏறி இறங்குகிறது. ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்கும். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் பின்தள்ளிப் போகும். தண்ணீர் இறங்கும்போது இரு கரையிலும் சேற்றுத் திட்டு வெளிப்படும். முதலை வெயில் காய ஏறும், நீர் உடும்பு நண்டு தேடும், கொக்கும் நாரையும் இறங்கும், மான் தளிர் மேய விளிம்புக்கு வரும். புலி வந்தாலும் அந்தச் சேற்றில்தான் தெரியும். பெரும்பாலும் அதன் கால்தடம்தான் தெரியும். லாஞ்ச் டிரைவருக்கு இதெல்லாம் உள்ளங்கை. ஆனால் அவர் டூர்காரர் போட்ட நேரப்படி ஓட்டுகிறார், டூர்காரர் மூன்று வேளைச் சாப்பாட்டை வைத்து நேரம் போடுகிறார்.

அடுத்த முறை தேதி குறிக்கும் முன் படகுக்காரரைக் கூப்பிட்டு, “எங்கள் தேதியில் பாட்டா எத்தனை மணிக்கு?” என்று கேட்டேன். காட்டுக்குள் படகு காலையில் நுழைந்து இருட்டும் முன் வெளியேறிவிட வேண்டும். அந்த நேரத்துக்குள் வற்றம் வருகிற நாளாகப் பார்த்துப் போனோம். ஒரே இடத்தில் நேரங்கள் பதினைந்து நாளுக்கு ஒரு தரம் கிட்டத்தட்ட அதே மணிக்குத் திரும்பி வரும் என்பதால், ஒரு வாரம் தள்ளிப்போட்டாலே காட்சி மாறிவிடும். சர்வே ஆஃப் இந்தியா ஆண்டுதோறும் ஓதப் பட்டியல் வெளியிடுகிறது. சாகர் தீவுக்கு அதில் நேரம் பார்க்கலாம். உள்ளாறுகளில் அதைவிடத் தாமதமாக வரும், எவ்வளவு தாமதம் என்பதைப் படகுக்காரர்தான் சொல்ல வேண்டும்.

வற்றத்தில் ஒரு சங்கடமும் உண்டு. தண்ணீர் இறங்கினால் படகு துறையை விட்டுத் தாழ்ந்துவிடும். பாசியும் சேறும் பூசிய படிகள், இல்லையென்றால் ஒரு பலகை. சித்திக்கு முழங்கால் வலி. முதல் பயணத்தில் இரண்டு பேர் கை கொடுத்துத் தூக்கித்தான் ஏற்றினோம். பெரியவர்களோடு போனால் தண்ணீர் நிறைந்திருக்கும் நேரத்தில் துறைகளில் இறங்கி முடித்துவிட்டு, வற்றத் தொடங்கியதும் படகிலேயே கரையோரமாகப் போகச் சொல்லுங்கள். எங்களுக்கு இந்த ஒழுங்குதான் ஒத்து வந்தது. இறங்க ஏற்றம், பார்க்க வற்றம்.

படகின் அளவும் முக்கியம். நாற்பது ஐம்பது பேர் ஏறும் லாஞ்சில் கழிப்பறை, சமையற்கட்டு, மேல்தள நாற்காலி எல்லாம் உண்டு. ஆனால் அது குறுகிய கிளை ஓடைகளுக்குள் போகாது, பெரிய ஆற்றின் நடுவிலேயே ஓடும். பொட்பொட்டி என்று சொல்லும் நாட்டுப்படகின் இயந்திரம் போடும் சத்தத்துக்கு அந்தப் பெயர் பொருத்தம்தான், இருந்தாலும் ஓடைக்குள் நுழைந்ததும் இயந்திரத்தை நிறுத்தி மிதக்க விடுவார்கள். நாலைந்து பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்தால் தலைக்கு ஆகும் செலவு கூட்டத்தோடு போவதைவிடக் கூடும்தான். பெரிய வித்தியாசம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நேரம் உங்கள் கையில் இருக்கும். படகில் பயணி ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு உடுப்பு இருக்கிறதா என்று ஏறும்போதே எண்ணிப் பாருங்கள். மூட்டை கட்டிக் கூரையில் சொருகியிருந்தால் அவிழ்க்கச் சொல்லுங்கள்.

மாஷியின் பேச்சைக் கேட்டுப் போன பயணத்தில் சுதன்யகாலிக் கோபுரத்துக்குக் கீழே ஓர் ஓரமாக நின்றோம். கோபுரத்தின் மேலே கூட்டம். எல்லோரும் தூரத்தில் உள்ள நல்லதண்ணீர்க் குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், புலி அங்கே தண்ணீர் குடிக்க வருமாம். எங்கள் காலடியில், வேலிக்கு அந்தப் பக்கம், சேறு பூராவும் ஈட்டி முனைகள் போல மூச்சுவேர்கள். அவற்றுக்கு நடுவே ஒரு கை மட்டும் பெருத்த சிவப்பு நண்டுகள். ஆண் நண்டு அந்தப் பெரிய கொடுக்கைத் தூக்கித் தூக்கி இறக்கும், பக்கத்து வளைக்காரனும் தூக்கி இறக்குவான், சண்டை வரப்போகிறது என்று நினைப்போம், இருவரும் மறுபடி சேற்றை வாரித் தின்னத் தொடங்கிவிடுவார்கள். உளுவை மாதிரி ஒரு மீன், கண் இரண்டும் தலைக்கு மேலே, மார்புத் துடுப்பை ஊன்றி வேர்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. இன்னொன்று கிட்டே வந்ததும் முதுகுத் துடுப்பை விரித்துக் காட்டியது, பிறகு ஒரே தாவாகத் தாவிக் குட்டைக்குள் போயிற்று. என் பெண் அந்த இடத்தை விட்டு வர மறுத்துவிட்டாள். கோபுரத்தில் நின்றவர்கள் இறங்கிப் போய், அடுத்த லாஞ்ச்காரர்கள் ஏறி, அவர்களும் இறங்கிப் போனார்கள். முதல் பயணத்திலும் இதே இடத்தில் நின்றிருக்கிறோம். அப்போது இதன் மேல் மூன்றடித் தண்ணீர்.

சித்திக்கும் ஒரு சந்தோஷம் முதல் பயணத்திலேயே வாய்த்தது. சஜ்னேகாலியில் வழிகாட்டி ஒரு மரத்தைக் காட்டி, “இது கேவா, பால் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும், தொடாதீர்கள்” என்றார். சித்தி இலையைப் பார்த்ததும், “அட, இது தில்லைன்னா! நம்ம பிச்சாவரத்துல இல்லையா?” என்றார். அதேதான். நடராஜர் கோயிலின் தலமரம். சிதம்பரத்து ஊருக்குள் தில்லைக்காடு இப்போது கிடையாது, கழிமுகத்துப் பக்கம் போனால்தான் பார்க்கலாம். பிச்சாவரத்தில் பார்த்துப் பழகிய கண்ணோடு போனால் இந்தக் காடு அந்நியமாகத் தெரியாது. ஆனால் இங்கே சுந்தரி, கரான், கேவ்ரா, ஹேந்தால் என்று வகைகள் கூட. ஹேந்தால் ஒரு குட்டைப் பனை, அதன் மஞ்சளும் பச்சையும் கலந்த ஓலைக்குள் புலி படுத்திருந்தால் பத்தடியில் நின்றாலும் தெரியாது என்பார்கள். வழிகாட்டிகளில் பலர் இந்தக் கிராமத்தவர்கள், நிறையத் தெரிந்தவர்கள். ‘புலி எங்கே’ என்று கேட்பதை நிறுத்திவிட்டு ‘இது என்ன மரம், இதை நீங்கள் எதற்கு வைத்துக்கொள்கிறீர்கள்’ என்று கேட்டால் பேச்சு நிற்காது. இந்தி ஓரளவு போதும்.

எந்த நிறுத்தத்திலும் கிடைக்காத நேரம் தேன் கடையில் கிடைத்தது. பக்கிராலய் துறைக்கு அருகில் முக்கால் மணி நேரம் நிறுத்தினார்கள். அந்தத் தேன் எங்கிருந்து வந்ததோ. சுந்தரவனத்து மௌலேக்கள் வனத்துறை அனுமதியோடு ஏப்ரல், மே மாதங்களில்தான் காட்டுக்குள் தேன் எடுக்கப் போகிறார்கள். உயிரைப் பணயம் வைக்கும் தொழில். அப்படி வரும் தேனை வன வளர்ச்சிக் கழகம் ‘மௌபன்’ என்ற பெயரில் விற்கிறது. வேண்டுமானால் அதை வாங்குங்கள். ஒரு கரைச் சுற்றுலாவில் நீளமான நிறுத்தம் கடையில்தான் என்றால், டூரின் விலை குறைவாக இருந்ததற்குக் காரணம் அங்கே நிற்கிறது.

நாங்களாகப் போகும் வழி இதுதான். ஜாதவ்பூர் ரயில் நிலையத்தில் கேனிங் லோக்கல். காலை வேளையில் கேனிங்கிலிருந்து வரும் வண்டிகளில் மூச்சுவிட இடம் இருக்காது. நாம் போவது எதிர்த்திசை, உட்கார்ந்தே போகலாம். திரும்பும்போதும் அப்படியே, மாலையில் கூட்டம் எதிர்ப்பக்கம். ஏறக்குறைய ஒரு மணி நேரம். கேனிங்கே ஒரு கதை. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் கல்கத்தாவுக்கு மாற்றாக மாத்லா ஆற்றின் மேல் ஒரு துறைமுகம் கட்டப் புறப்பட்டார்கள். ‘சைக்ளோன்’ என்ற சொல்லை உருவாக்கிய ஹென்றி பிடிங்டன், இங்கே கட்டினால் புயல் அடித்துக்கொண்டு போகும் என்று 1853-லேயே எச்சரித்தார். கேட்கவில்லை. ரயிலும் போட்டார்கள். 1867-ல் புயல் வந்தது, துறைமுகம் போயிற்று. ரயில் மட்டும் மிஞ்சியது; மாஷி வருவது அதில்தான். கேனிங்கிலிருந்து ஆட்டோவிலோ மேஜிக் வண்டியிலோ கோட்காலி, அங்கே ஆற்றைக் கடந்து கோசாபா, கோசாபாவிலிருந்து டோட்டோ என்ற மின்ரிக்‌ஷாவில் பக்கிராலய். எதிர்க்கரைதான் சஜ்னேகாலி. கோசாபாவில் விசில் ஊத ஆள் இல்லை. ஹாமில்டன் பங்களா முன்பு எத்தனை நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம்.

கிராமத்தில் ஓர் இரவு தங்குங்கள். ‘கிராம நடை’ என்று டூர்காரர்கள் கூட்டிப்போவது வேறு. அதில் ஐம்பது பேர் ஒருவர் வீட்டு முற்றத்தை எட்டிப் பார்த்துவிட்டு வருவோம், எனக்குக் கூச்சமாக இருந்தது. தங்கிய வீட்டில் கரைமேல் நடக்கக் கூட்டிப்போனார்கள். ஒரு பக்கம் ஆறு, மறு பக்கம் வயல், வயல் ஆற்றைவிடத் தாழ்ந்து கிடக்கிறது. 2009 மே 25-ல் ஐலா புயல் வந்தபோது இந்த மண்கரைகள் உடைந்து உப்புத் தண்ணீர் உள்ளே வந்தது. வீட்டுக்காரர் ஒரு துண்டு நிலத்தைக் காட்டி, அதற்குப் பிறகு சில வருஷம் நெல்லே வரவில்லை என்றார். 2020-ல் அம்பான், 2021-ல் யாஸ். ஒவ்வொன்றுக்குப் பிறகும் ஆண்கள் கேரளம், தமிழ்நாடு என்று வேலைக்குப் போனார்கள். அவருடைய மகன் இருப்பது திருப்பூரில். “திருப்பூர்ல மழை பெய்யுதா?” என்று என்னைக் கேட்டார்.

சில சில்லறை விஷயங்கள். ஆதார் அட்டை ஒவ்வொருவருக்கும் வேண்டும். சிங்கப்பூர், இலங்கை உறவினர்கள் வந்தால் கடவுச்சீட்டின் அசல் கையில் இருக்கட்டும். சைவச் சாப்பாட்டுக்காரர்கள் முன்கூட்டியே ‘நிராமிஷ்’ என்று சொல்லிவிடுங்கள். சொன்னால் சுக்தோ, ஆலு போஸ்தோ என்று பிரமாதமாகப் போடுவார்கள், சொல்லாவிட்டால் பருப்பில்கூட மீன்தலை கிடக்கும். குளிர்காலம்தான் நல்லது, ஆனால் கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரை தவிர்த்துவிடுங்கள். லாஞ்சுக்கு லாஞ்ச் ஒலிபெருக்கி. காட்டுப் பகுதிக்குள் பாட்டு கூடாது என்பது விதி. விதியை நினைவூட்டியதும் எங்கள் லாஞ்சில் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தார்கள்.

புகாரைப் பற்றியும் ஒரு வார்த்தை. திரும்பி வந்த இரவே சித்தப்பா உட்கார்ந்து எழுதினார். அவர் எழுதிய விதம் வங்கிக் குறிப்பு மாதிரி இருந்தது: நோட்டீஸின் படம், அதில் உள்ள இடங்கள், போன இடங்கள், போகாதவை, ஒவ்வொன்றிலும் நின்ற நேரம். புலி என்ற சொல்லே அதில் இல்லை. ‘மோசமான அனுபவம்’ என்று எழுதினால் மன்னிப்புதான் பதிலாக வரும். ‘நேதிதோபானி என்று எழுதியிருந்தீர்கள், போகவில்லை’ என்று எழுதினால் பதில் சொல்ல வேண்டியிருக்கும். முதலில் அவர்கள் வானிலை என்றார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார்தாரர் தான் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். “கடலூர்லயே போடறேன், அவா அங்க வரட்டும்” என்று சித்தப்பா சொன்னதை அப்படியே வங்காளத்தில் சொன்னேன். தொகையில் ஒரு பகுதி திரும்பி வந்தது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915; தமிழிலும் பேசலாம்.

முன்பணம் அனுப்பும் முன் நாலு கேள்வியை வாட்ஸ்அப்பில் எழுதிக் கேளுங்கள்: எங்கெங்கே இறங்குவோம், ஒவ்வொன்றிலும் எத்தனை நேரம், அன்றைக்குப் பாட்டா எத்தனை மணிக்கு, படகில் மொத்தம் எத்தனை பேர். போனில் வாயால் சொல்கிறேன் என்றால் விட்டுவிடுங்கள். எழுத்தில் பதில் வராத ஆளுக்குப் பணம் அனுப்பாதீர்கள்.